பழைய பிக்கப்பை இரண்டு இஞ்ச் தூக்கி சோமசிலா போன கதை

போன மார்ச்சில் ஒரு சனி, ஞாயிறு. ஹைதராபாத்திலிருந்து சோமசிலா. கிருஷ்ணா நதியின் அணைத்தேக்கம் பின்வாங்கிக் கிடக்கும் கரையோரக் கிராமம். எங்கள் மாரெட்பள்ளி வீட்டு வாசலிலிருந்து மீட்டர் கணக்கில் 194 கிலோமீட்டர். எல்லோரும் படகுச் சவாரிக்குப் போவார்கள். நாங்கள் போனது நான் எட்டு மாதமாகத் தட்டிக்கொட்டி உயர்த்திய வண்டி உண்மையிலேயே மலையும் மண்ணும் ஏறுமா என்று பார்ப்பதற்கு. வண்டி ஏறியது. ஓட்டியது நான் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் வண்டி. பதினேழு வயதான டபுள் கேபின் டீசல் பிக்கப். முன்னால் இரண்டு, பின்னால் மூன்று பேர் உட்காரலாம். அதற்குப் பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தொட்டி. நான்கு சக்கரமும் இழுக்கும் வகை. கரீம்நகர் பக்கம் ஒரு விவசாயி பூச்சிமருந்து டிரம் ஏற்ற வைத்திருந்தார். இரண்டு லட்சத்து எழுபதாயிரத்துக்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்த நாளில் என் மனைவி புவனா அதைச் சுற்றி ஒரு நடை நடந்து, தொட்டியை முகர்ந்து பார்த்து, "ஏனுங்க, இதுல காய்கறி மட்டும் வாங்கிட்டு வந்துறாதீங்க" என்றாள்.

எங்களைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் மூன்று தலைமுறையாக ஹைதராபாத். தாத்தா ரயில்வேயில் வேலை கிடைத்து விருதுநகரிலிருந்து மெட்டுகுடா குவார்ட்டர்ஸுக்கு வந்தவர். என் தமிழில் ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' எல்லாம் தானாக வந்து விழும். மத்திய அரசு ஆய்வகம் ஒன்றில் தொழில்நுட்ப அலுவலர் வேலை. புவனா கோயம்புத்தூர்க்காரி. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் இங்கே இருந்தும் அவள் தமிழில் ஒரு 'ங்க' கூடக் குறையவில்லை. ஜூனியர் கல்லூரியில் வேதியியல் பாடம் எடுக்கிறாள். மகள் வேலூரில் படிக்கிறாள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். புவனா என்னைவிட நன்றாக ஓட்டுவாள். ஓட்டுவாள் என்று சொல்வதா, ஓட்டினாள் என்பதா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இரண்டு வருஷம் முன்பு நாச்சாரம் அருகே மழையில் எங்கள் சின்ன காரில் வந்துகொண்டிருந்தாள். எதிர்த்திசையில் ஒரு ஸ்கூட்டர் வந்தது. அதை இடிக்காமலிருக்க ஸ்டியரிங்கை ஒடித்ததில் கார் சாலை நடுச்சுவரில் மோதிவிட்டது. ஸ்கூட்டர்க்காரருக்கு ஒரு கீறல்கூட இல்லை. இவளுக்குக் காறை எலும்பு முறிந்தது. எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு அவள் ஓட்டுநர் இருக்கையில் உட்காரவே இல்லை. கல்லூரிக்கு ஆட்டோ. மற்ற எங்கேயும் நான். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. லைசென்ஸ் மட்டும் கைப்பையில் இருந்தது.

சரி, வண்டியை உயர்த்திய விஷயம்.

உப்பலில் ஒரு குறுக்குச் சந்தில் கலீல் பாயின் பட்டறை இருக்கிறது. லாரி, டிராக்டர், பழைய ஜீப் எல்லாம் பார்ப்பார். என் வண்டியின் முன்பக்கத்தைத் தாங்குவது சுருள் ஸ்பிரிங் இல்லை, நீளமான முறுக்குக் கம்பி. அதன் கோடியில் இருக்கும் போல்ட்டைத் திருகினாலே முன்பக்கம் எழும்பும். பின்பக்கம் கமான் பட்டை, அதாவது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள். கூட ஒன்றிரண்டு பட்டை சேர்த்தால் பின்பக்கமும் எழும்பும். இணையத்தில் வீடியோ பார்த்துப் பார்த்து நான் எல்லாம் தெரிந்தவனாகிவிட்டிருந்தேன். நாலு இஞ்ச் உயர்த்த வேண்டும் என்றேன்.

கலீல் பாய் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "நக்கோ ஸாப், நக்கோ. தோ இஞ்ச் பஸ்" என்றார். இரண்டு இஞ்ச் போதும், அதற்குமேல் தூக்கினால் முன்சக்கரத்தைச் சுழற்றும் அச்சின் மூட்டு கோணலாகி உடையும் என்று இரண்டு உள்ளங்கையையும் மடக்கிக் காட்டினார். புவனா அன்று கூட வந்திருந்தாள். அவள் கேட்டது ஒரே கேள்வி. "சக்கரம் கீழே இறங்கும்போது பிரேக் ஹோஸ் நீளம் பத்துமா, பாய்?" கலீல் பாய் என்னைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார். "மேடம் கரெக்டா கேட்டாங்க" என்றார் அவருக்குத் தெரிந்த தமிழில். பிரேக் எண்ணெய் போகும் அந்த ரப்பர் குழாயை நீளமானதாக மாற்றினோம்.

ஆனால் நாலு இஞ்ச் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கலீல் பாய் முணுமுணுத்துக்கொண்டே திருகினார். பார்க்க ராஜ கம்பீரம். கட்கேசர் தாண்டி ஒரு பொட்டல் வெளியில் சோதித்தேன். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் ஜுரம் வந்ததுபோல் நடுங்கியது. மூன்றாவது மேட்டில் கடகடவென்று ஒரு சத்தம். மூட்டின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் சக்கரமெல்லாம் தெறித்திருந்தது. பட்டறைக்குத் திரும்பினேன். கலீல் பாய் பட்டறைப் பையனிடம் இரண்டு டீ வாங்கி வரச் சொன்னார், ஒன்றை என்னிடம் கொடுத்தார், ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் படுத்தார். அவர் பேசியிருந்தால்கூடத் தேவலை.

ஆக, கடைசியில் இரண்டு இஞ்ச். கேட்பவர்களுக்காகச் செலவை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: நான்கு டயர் (கம்பெனி கொடுத்த அதே அளவு, ஆனால் ஆழமான வெட்டுகள் உள்ளவை) 44,000. நீளமான ஷாக் அப்சார்பர் நான்கு 26,000. பின்பட்டைகள் 9,000. பிரேக் ஹோஸ் 2,800. எஞ்சினுக்கு அடியில் எஃகுத் தகடு 7,500. கூலியும் சக்கர நேர்ப்படுத்தலும் 15,500. நாலு இஞ்ச் ஆசைக்குத் தண்டம், அந்த மூட்டு, 5,800.

ஃபுட்போர்டு என்று ஒன்று இருந்தது. கதவுக்குக் கீழே ஏறுவதற்கான படிக்கட்டு. கல்லில் தட்டும் என்று நான் அதைக் கழற்றச் சொன்னேன். "ஏறி இறங்க எதாச்சும் வேணுமில்லீங்க?" என்றாள் புவனா. "குதிச்சா போச்சு" என்றேன். வயது ஐம்பத்தொன்று.

சனிக்கிழமை காலை 5.10க்குக் கிளம்பினோம். வெளிவட்டச் சாலை பிடித்து, பெங்களூரு நெடுஞ்சாலையில் ஜட்சர்லா வரை. அங்கேயிருந்து இடப்பக்கம் திரும்பி பிஜினபள்ளி, நாகர்கர்னூல், கொல்லாபூர். ஜட்சர்லாவில் 7.05க்கு இட்லி. சட்னியில் காரம் தூக்கலாக இருக்கும், கேட்டு வாங்குங்கள். நெடுஞ்சாலையில் எண்பதுக்குமேல் போகவில்லை. உயர்த்திய வண்டி வளைவில் சாயும், பிரேக் பிடித்தால் மூக்கைக் குத்தும். கார் ஓட்டிய பழக்கத்தில் போனால் பயந்துபோவீர்கள். மைலேஜ் லிட்டருக்குப் பதினொன்றிலிருந்து ஒன்பதே முக்காலுக்கு இறங்கிவிட்டது.

கொல்லாபூர் தாண்டியதும் நிலம் நிறம் மாறுகிறது. செம்மண், அப்புறம் பாறை, அப்புறம் திடீரென்று கீழே நீலமாக நதி. நல்லமலைக் குன்றுகள் எதிர்க்கரையில் வரிசையாக. புவனா கண்ணாடியை இறக்கி முகத்தை வெளியே நீட்டினாள். 9.40க்கு சோமசிலா. டீ குடித்தோம். ஊருக்கு வெளியே, நீர் வற்றிய தேக்கப்படுகைக்கு இறங்கும் ஒரு மாட்டுவண்டித் தடத்தைப் பற்றி முன்பே கேட்டு வைத்திருந்தேன். சாலையிலிருந்து தண்ணீர் விளிம்புவரை 5.4 கிலோமீட்டர். அதற்காகத்தான் இந்த எட்டு மாதமும்.

சாலை முடியும் இடத்தில் டயர் காற்றை 32லிருந்து 20க்குக் குறைத்தேன். டயர் கொஞ்சம் சப்பையானால் மண்ணைப் பரவலாகப் பிடிக்கும். தடத்தில் முதல் ஒரு கிலோமீட்டர் கரிசல், காய்ந்து வெடித்துக் கிடந்தது. அப்புறம் ஒரு பாறைச் சரிவு. அதன் அடியில் வறண்ட ஓடை. ஒவ்வொரு கல்லும் குடத்தளவு. நான்கு சக்கரத்தையும் இழுக்க வைக்கும் டிரான்ஸ்ஃபர் லீவரைக் குறைந்த வேகப் பல்லுக்குத் தள்ளி, முதல் கியரில், பிரேக்கைத் தொடாமல் இறங்கினேன். வண்டி ஒரு பக்கச் சக்கரத்தை அந்தரத்தில் தூக்கி, யோசித்து, கீழே வைத்து, அடுத்ததைத் தூக்கி... யானை படி இறங்குவதுபோல இறங்கியது. எஃகுத் தகடு ஒரே ஒருமுறை கல்லில் 'கர்ர்' என்றது. நான் சத்தம் போட்டுச் சிரித்தேன். புவனா ஒரு கையால் மேல்பிடியையும் இன்னொரு கையால் சாப்பாட்டுப் பையையும் பிடித்திருந்தாள். அவள் கால் மட்டும், தடம் நெடுக நான் கிளட்ச் மிதித்தபோதெல்லாம், தரையில் தானும் மிதித்தது. அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தேன்.

தேக்கப்படுகையில் தண்ணீர் விலகிய இடமெல்லாம் கிராமத்துக்காரர்கள் கடலையும் தர்பூசணியும் போட்டிருந்தார்கள். தயவுசெய்து விதைத்த நிலத்தில் சக்கரம் வைக்காதீர்கள். நாங்கள் தடத்தை விட்டு விலகவில்லை. 11.25க்குத் தண்ணீர் விளிம்பு. ஆள் அரவம் இல்லை. தூரத்தில் ஒரே ஒரு பரிசல். வண்டியின் பின்பலகையைத் திறந்துபோட்டு அதில் உட்கார்ந்து தக்காளிச் சாதம் சாப்பிட்டோம். மீன்கொத்தி ஒன்று எங்கள் முன்னாலேயே மூன்று முறை குதித்து மூன்று முறையும் ஏமாந்தது. "உங்களாட்டமே" என்றாள் புவனா. நான் என்ன செய்தேன் என்று கேட்டதற்கு இன்னொரு கரண்டி சாதம் வைத்தாள்.

ஒரு மணிக்கு மேற்கே வானம் கறுத்தது. மார்ச் மாதத்தில் மழையா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். சாமானை எடுத்து வைத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். கேமரா தரையில் கிடப்பது கண்ணில் பட்டது. கதவைத் திறந்து, குதித்தேன்.

வலது கால் ஒரு உருண்டைக் கல்லின்மேல் விழுந்தது. கல் உருண்டது. கணுக்காலுக்குள் யாரோ முறுக்கு உடைத்ததுபோல ஒரு சத்தம். அப்புறம் நான் தரையில் உட்கார்ந்திருந்தேன், புவனா என் ஷூவின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷத்தில் கணுக்கால் பூரிபோல உப்பிவிட்டது. வலது கால். ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் அந்தக் காலுக்குத்தான். ஊன்றிப் பார்த்தேன், கண்ணில் பூச்சி பறந்தது. செல்போனில் ஒரு கோடுகூட இல்லை.

புவனா பரிசல்காரரைக் கையசைத்துக் கூப்பிட்டாள். வந்தவர் பெயர் பாலையா. நாற்பது வயதிருக்கும். மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே வந்து என் காலைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். ஊரில் ஒரு டிராக்டர் இருக்கிறது, ஆனால் அது சந்தைக்குப் போயிருக்கிறது, சாயங்காலம்தான் வரும் என்றார் தெலுங்கில். புவனா, "அப்போ சாயங்காலம் வரை காத்திருக்கலாமா?" என்று கேட்டாள்.

"வானொஸ்தே டிராக்டர் கூடா ராதம்மா" என்றார். மழை வந்தால் டிராக்டர்கூட இங்கே வராது. இந்த மண் நனைந்தால் மாட்டின் காலையே விடாது, இரண்டு நாளைக்கு ஒன்றும் நகராது என்றார். அவர் அதை பஸ் நேரம் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"பாலையா ஓட்டுவாரா, கேளு" என்றேன். கேட்டாள். அவர் சிரித்துவிட்டுத் துடுப்பைக் காட்டினார். அவருக்குத் தெரிந்த ஒரே ஸ்டியரிங் அதுதானாம்.

புவனா திறந்திருந்த ஓட்டுநர் கதவின் பக்கத்தில் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, உள்ளே பார்த்தாள். சொல்லக் கூடாது என்று நினைத்தேன், சொல்லிவிட்டேன்.

"உனக்கு முடியலேன்னா வேண்டாம் புவனா. நடந்து போய் யாரையாச்சும் கூட்டிட்டு வா. நான் இங்கேயே இருக்கேன்."

"மழைல இந்தக் காலோட இங்கயே இருப்பீங்களா?"

"ஹவ். இருந்தா என்ன?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஸ்டியரிங்கைப் பிடிச்சாலே அந்தச் சத்தம் கேக்குதுங்க. சுவத்துல மோதுன சத்தம். கண்ணாடி அப்புறந்தான் உடைஞ்சுது, முதல்ல அந்தச் சத்தம். அதாங்க நான் உக்காரறதில்ல." இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சொன்னாள்.

"இங்க சுவரே இல்லையே" என்றேன். முட்டாள்தனமான பதில். ஆனால் அவள் சுற்றிப் பார்த்தாள். நாலு பக்கமும் வெட்டவெளி, தண்ணீர், தர்பூசணிக் கொடி. வாயோரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது.

நான் கைகொடுத்துத் தூக்காமல் அவளால் அந்த உயரத்துக்கு ஏற முடியவில்லை. பாலையா மீனைப் பின்தொட்டியில் கொட்டிவிட்டுக் கூடையைக் கவிழ்த்து வைத்தார். அதன்மேல் கால் வைத்து ஏறினாள். பிறகு அவர் என்னை மூட்டைபோல அணைத்துத் தூக்கி மறுபக்க இருக்கையில் வைத்தார். ஓட்டுநர் இருக்கை என் உயரத்துக்கு வைத்தபடி துருப்பிடித்துப் போயிருந்தது, முன்னால் நகரவில்லை. எட்டு மாதத்தில் எல்லாவற்றையும் மாற்றிய எனக்கு அதற்கு எண்ணெய் விடத் தோன்றவில்லை. போர்வையைச் சுருட்டி முதுகுக்குக் கொடுத்தேன். அப்போதுதான் அவள் கால் பெடலுக்கு எட்டியது.

மணி 1.50. கிளப்பினாள். நின்றுவிட்டது. மறுபடி கிளப்பினாள். வண்டி ஒரு தவளைப் பாய்ச்சல் பாய்ந்து நின்றது. "கிளட்சை மெதுவா..." என்று ஆரம்பித்தேன்.

"ஏனுங்க, கொஞ்ச நேரம் பொட்டாட்டம் உக்காந்திருங்க" என்றாள். அவள் கல்லூரியில் பின் பெஞ்சுக்கு இந்தக் குரலில்தான் பேசுவாளாக இருக்கும். பொட்டாட்டம் என்றால் கோவைப் பக்கம் 'வாயை மூடிக்கொண்டு' என்று அர்த்தம். உட்கார்ந்தேன்.

மூன்றாவது முறை வண்டி நகர்ந்தது. பாலையா தலையில் வெறுங்கூடையும் தோளில் துடுப்புமாக முன்னால் நடந்தார். ஓடைவரை நாலு கிலோமீட்டரும் நடை வேகம்தான். அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. எண்ணுகிறாளா, சாமி கும்பிடுகிறாளா என்று கேட்கவில்லை. (பிற்பாடு கேட்டேன். தனிம அட்டவணை சொன்னாளாம்.)

ஓடை வந்தது. நான் வரும்போது இறங்கிய சரிவு இப்போது ஏற்றம். எதிரே பாறை ஒரு வீட்டு மாடிப்படிபோல நிமிர்ந்து நின்றது. புவனா வண்டியை நிறுத்தினாள். இறங்கிப் பார்க்க வேண்டும் என்றாள். பாலையா மறுபடி கூடையைக் கவிழ்த்து வைத்தார். அவள் ஏற்றத்தில் நடந்து, எந்தச் சக்கரம் எந்தக் கல்லில் என்று காலால் தட்டிப் பார்த்து, இரண்டு கற்களைப் பாலையாவோடு சேர்ந்து புரட்டிப் பள்ளத்தில் போட்டுவிட்டு வந்தாள். நான் இறங்கும்போது இதில் எதையும் செய்யவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

"ஏறும்போது கிளட்சைத் தொடக் கூடாது, அப்படித்தானுங்களே?"

"ஹவ்."

"சரிங்க."

முதல் கியர், குறைந்த வேகப் பல். பாலையா மேலே நின்று இரண்டு கையையும் விரித்து, "மெல்லகா... மெல்லகா ரண்டம்மா" என்று மெதுவாக வரச் சொன்னார். முன்சக்கரம் ஏறியது. பின் இடது சக்கரம் காற்றில் எழும்பியது. எஞ்சின் உறுமியது, வண்டி ஒரு சாண் வலப்பக்கம் வழுக்கியது. அந்தப் பக்கம் ஆளுயரப் பள்ளம். என் கை தானாக ஹேண்ட்பிரேக் பக்கம் போனது. அவள் என்னைப் பார்க்காமலேயே, "தொடாதீங்க" என்றாள். ஸ்டியரிங்கைக் கால் வட்டம் இடப்பக்கம் திருப்பி, ஆக்ஸிலரேட்டரை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல் பிடித்தாள். கல்லைத் தேடிப் பிடித்த டயர் 'க்ரீச்' என்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கண்ணாடியில் வானம் மட்டும் தெரிந்தது, அப்புறம் வண்டி தலைகுனிந்தது, சமதளம் தெரிந்தது. பாலையா துடுப்பைத் தலைக்குமேல் தூக்கிச் சுற்றினார்.

கண்ணாடியில் முதல் சொட்டு விழுந்தது. இன்னும் ஒரு கிலோமீட்டர் கரிசல் பாக்கி. பாலையாவைக் கூடையோடு பின்தொட்டியில் ஏற்றிக்கொண்டோம். மழை வலுத்தது. மண் பளபளவென்று ஆகத் தொடங்கியதும் வண்டியின் பின்பக்கம் வாலாட்டியது. "நிக்காத, நிக்காத" என்று நான் கத்த வாயெடுத்து, பொட்டாட்டம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன். அவள் நிற்கவில்லை. இரண்டாவது கியரில், ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் சின்னதாக அசைத்துக்கொண்டே, மண் இரண்டு பக்கமும் வாரியடிக்க, ஒரே ஓட்டமாகக் கொண்டுபோய் தார்ச்சாலையில் ஏற்றினாள். மணி 3.05.

வண்டியை ஓரமாக நிறுத்தினாள். இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்தாள். பிறகு கொஞ்ச நேரம் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். பின்கண்ணாடியில் தட்டும் சத்தம் கேட்டது. தலை முதல் கால் வரை சேறாகியிருந்த பாலையா, இன்னொரு தடவை போகலாமா என்று கையால் கேட்டார்.

அவரை ஊரில் இறக்கிவிட்டோம். மறுக்க மறுக்க இரண்டு மீனைப் பையில் போட்டுத் தந்தார். 3.50க்கு கொல்லாபூர் ஆஸ்பத்திரி. எக்ஸ்ரேயில் கணுக்கால் எலும்பில் மயிரிழை விரிசல். கட்டுப் போட்டு, நாலு வாரம் ஊன்றக் கூடாது என்றார்கள். எப்படி விழுந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். "நின்ன வண்டியிலிருந்துங்க" என்று எனக்கு முன்னால் புவனா சொல்லிவிட்டாள். அன்று நாகர்கர்னூலில் லாட்ஜ், அறைக்கு 1,400. மீனை லாட்ஜ் சமையல்காரரே பொரித்துக் கொடுத்தார்.

ஞாயிறு காலை வீடுவரை ஓட்டுநர் ஒருவரை ஏற்பாடு செய்யலாம் என்று போனை எடுத்தேன். அறையில் புவனா இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கீழே வண்டியின் மூடியைத் திறந்து ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். டயருக்குக் காற்றும் பிடித்துவிட்டு வந்திருந்தாள். நான் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். 7.15க்குக் கிளம்பி, ஜட்சர்லாவில் லாரிகளுக்கு நடுவே நெடுஞ்சாலை பிடித்து, இடது தடத்தில் ஐம்பத்தைந்திலேயே வந்து, நடுவில் இரண்டு டீ, 11.40க்கு மாரெட்பள்ளி. நெடுஞ்சாலையில் ஒரு லாரி பக்கத்தில் வந்து நீளமாக ஹாரன் அடித்தபோது அவள் விரல்கள் வெளுத்தன. அப்புறம் சரியானது. பயம் போய்விட்டதா என்று வீட்டில் கேட்டேன். "இருக்குதுங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றாள்.

பழைய பிக்கப்பைத் தூக்க நினைப்பவர்களுக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வாங்கும் முன் பதிவுப் புதுப்பிப்பும் தகுதிச் சான்றும் எத்தனை வருஷம் மிச்சம் என்று பாருங்கள். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு அதுதான் முதல் கேள்வி, எஞ்சின் இரண்டாவது. கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றுவதில் சட்டம் கண்டிப்பானது. எதைச் செய்யும் முன்பும் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டிலும் கேட்டுவிடுங்கள். முறுக்குக் கம்பி உள்ள வண்டிக்கு இரண்டு இஞ்சுக்குமேல் ஆசைப்படாதீர்கள். மெக்கானிக் 'நக்கோ' என்றால் நக்கோதான். பிரேக் ஹோஸை மறக்காதீர்கள். ஓட்டக்கூடிய இரண்டாவது ஆள் ஒருவர் இல்லாமல் தடத்தில் இறங்காதீர்கள், முடிந்தால் இரண்டாவது வண்டியும். இருக்கை முன்னும் பின்னும் நகர்கிறதா என்று பாருங்கள், உங்கள் உயரத்துக்கு மட்டும் இல்லை. சோமசிலாவுக்கு ஏற்ற மாதம் பிப்ரவரி, மார்ச். கரிசலில் மழை வாசனை அடித்தால், சாப்பாடு பாதியில் இருந்தாலும் கிளம்புங்கள். எதிர்க்கரைக் காட்டுப்பகுதிக்கு அனுமதியில்லாமல் போகக் கூடாது.

போய்வர மொத்தம் 411 கிலோமீட்டர், டீசல் 42 லிட்டர்.

கட்டுப் பிரித்து நாளாகிவிட்டது, நன்றாக நடக்கிறேன். இன்று ஞாயிறு, வீட்டில் தனியாக உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வண்டி இல்லை. புவனா தன்னோடு வேலை பார்க்கும் மூன்று ஆசிரியைகளைக் கூட்டிக்கொண்டு விகாராபாத் பக்கம் அனந்தகிரி மலைக்குப் போயிருக்கிறாள். நானும் வரவா என்று நேற்று கேட்டேன். "இடம் பத்தாதுங்க" என்றாள். டபுள் கேபினில் ஐந்து பேர் உட்காரலாம், அவர்கள் நான்கு பேர். நான் எண்ணிப் பார்த்தேன். காலையில் தண்ணீர் கேனை நிரப்பித் தொட்டியில் ஏற்றிக் கொடுத்தேன்.